கியூப்ஸ் இயங்குதள விசைக் குறுக்குவழிகள்

கியூப்ஸ் இயங்குதள விசைக் குறுக்குவழிகள் என்பவை, பாதுகாப்பை முதன்மை நோக்கமாகக் கொண்ட கியூப்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகை மூலமே பணிகளைச் செய்ய உதவும் விசைச் சேர்க்கைகள் ஆகும். மற்ற இயங்குதளங்களில் குறுக்குவழி என்பது பெரும்பாலும் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதி மட்டுமே. கியூப்ஸில் அவற்றுள் சில பாதுகாப்பு அமைப்பின் உறுப்புகளாகவே அமைந்துள்ளன. பயனர் குறிப்பிட்ட விசைகளை அழுத்தாவிடில் தகவல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லாது. எனவே இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்று அறிந்துகொள்வதே பயன் தரும்.

பின்னணி

போலந்து நாட்டைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவானா ருட்கோவ்ஸ்கா, 2006 ஆம் ஆண்டில் "புளூ பில்" என்னும் ஆய்வின் மூலம் அறியப்பட்டவர். இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் இயங்குதளத்தையே அதற்குத் தெரியாமல் மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் தள்ளிவிட இயலும் என்பதை அவ்வாய்வு காட்டியது. அவர் நிறுவிய இன்விசிபிள் திங்ஸ் லேப் என்னும் அமைப்பு 2010 இல் கியூப்ஸ் திட்டத்தை அறிவித்தது. முதல் முழுமையான பதிப்பு 2012 செப்டம்பரில் வெளியானது. 2018 இல் ருட்கோவ்ஸ்கா திட்டத்தலைமையிலிருந்து விலகியபின் மாரெக் மார்ச்சிகோவ்ஸ்கி-குரெத்ஸ்கி அப்பொறுப்பை ஏற்றார்.

கியூப்ஸ் தன்னை "ஓரளவுக்குப் பாதுகாப்பான இயங்குதளம்" என்றே அழைத்துக்கொள்கிறது. முழுப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களுக்கு நடுவே இந்த அடக்கம் கவனிக்கத்தக்கது. எந்த நிரலிலும் பிழை இருக்கும், ஒருநாள் அது தாக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அத்தாக்குதல் கணினியின் பிற பகுதிகளுக்குப் பரவாமல் தடுப்பதே இதன் வழிமுறை. இதற்காக ஸென் என்னும் மெய்நிகராக்க மென்பொருளின் துணையுடன் கணினி பல தனித்தனி மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் "கியூப்" எனப்படும். இக்கட்டுரையில் அவை அறைகள் எனக் குறிக்கப்படுகின்றன. நிறுவியவுடன் அலுவல், தனிப்பட்டவை, நம்பிக்கையற்றவை, பெட்டகம் என நான்கு அறைகள் பயனருக்குக் கிடைக்கும். பெட்டக அறைக்கு இணைய இணைப்பே கிடையாது. பிணைய அட்டைக்கும் யூஎஸ்பி துளைகளுக்கும் தனி அறைகள் உண்டு. இவை அனைத்தையும் மேலாண்மை செய்வதும், திரையையும் விசைப்பலகையையும் தன் கையில் வைத்திருப்பதும் "டொம் சுழியம்" எனப்படும் நிருவாக அறை ஆகும். அதற்கும் இணைய இணைப்பு இல்லை.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் இராசகோபுரத்தைக் கடந்தவர் கருவறைக்குள் வந்துவிட்டவர் ஆகமாட்டார். இடையே திருச்சுற்றுகளும் உள்கோபுர வாயில்களும் உள்ளன. வழக்கமான இயங்குதளமோ ஒரே மண்டபத்தைப் போன்றது. வாயிலைத் தாண்டிய எந்த நிரலும் பயனரின் கோப்புகள் அனைத்தையும் பார்க்கலாம்.

இது வெறும் கோட்பாட்டளவிலான அச்சம் அன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டி 2019 இல் எழுந்த செய்தி தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என அறிவிக்கப்பட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தனது கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4 அன்றே அது குறித்துத் தேசியக் கணினி அவசர உதவிக் குழு தகவல் தெரிவித்திருந்தது என்றும் ஒப்புக்கொண்டது. தீநிரல் புகுந்த கணினி, நிருவாகப் பணிகளுக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த பயனர் ஒருவருடையது. அணுஉலைக் கட்டுப்பாட்டுப் பிணையம் அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை எனக் கழகம் தெரிவித்தது. அங்கே காப்பாக அமைந்தது பிரிவினையே. அத்தகைய பிரிவினையை ஒரே மடிக்கணினிக்குள் கொண்டுவர முயல்வதே கியூப்ஸ்.

விசைகளை ஒட்டுக்கேட்டல்

குறுக்குவழிகளைப் பற்றிப் பேசுமுன், விசைப்பலகையில் அழுத்தப்படும் எழுத்து எங்கெல்லாம் செல்கிறது என்று பார்த்தல் வேண்டும். லினக்ஸில் நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் எக்ஸ் சாளர முறைமையில், ஒரே திரையில் இயங்கும் எந்த நிரலும் பிற நிரலுக்காக அழுத்தப்படும் விசைகளைக் கவனிக்க முடியும். இதற்குத் தனிச் சிறப்புரிமை எதுவும் தேவையில்லை. 2011 ஏப்பிரலில் ருட்கோவ்ஸ்கா இதனை எளிய கட்டளை ஒன்றின் மூலம் விளக்கிக்காட்டினார். ஒரு விளையாட்டு நிரல், அருகிலுள்ள முனையத்தில் தட்டச்சிடப்படும் நிருவாகக் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொள்ளலாம். பின்னர் வந்த வேலண்ட் முறைமை இக்குறையைப் பெருமளவு நீக்கியது.

கியூப்ஸ் இதற்குக் கண்ட தீர்வு வேறு. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியே ஓர் எக்ஸ் வழங்கி உண்டு. முன்னணியில் உள்ள சாளரம் எந்த அறைக்குரியதோ அந்த அறைக்கு மட்டுமே நிருவாக அறை விசைகளை அனுப்புகிறது. மற்ற அறைகளுக்கு விசை அழுத்தப்பட்டது என்பதே தெரியாது. மேலும், சில விசைச் சேர்க்கைகளை எந்த அறைக்கும் அனுப்பாமல் நிருவாக அறை தானே எடுத்துக்கொள்கிறது. கியூப்ஸின் முக்கியக் குறுக்குவழிகள் யாவும் இவ்வாறு இடைமறிக்கப்படுபவையே. அறைக்குள் புகுந்த தீநிரல் எதுவும் அவற்றைத் தானாக அழுத்தியதாகப் பாவனை செய்ய இயலாது.

அறைகளுக்கிடையே நகலெடுத்தலும் ஒட்டுதலும்

வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகிய செயல்கள் 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் முதலானோரால் உருவாக்கப்பட்டவை. நகலெடுத்தது ஓரிடத்தில் தங்கும், அதை எந்த நிரலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவற்றின் அடிப்படை. அவ்வெளிமையே அவற்றின் வெற்றிக்குக் காரணம். கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதையும் எந்த நிரலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் மறுபக்கம்.

கியூப்ஸில் ஓர் அறைக்குள் கண்ட்ரோல் + சி, கண்ட்ரோல் + வி ஆகியவை வழக்கம்போலவே செயல்படும். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு உரையைக் கொண்டுசெல்ல நான்கு படிகள் தேவை.

முதலில், மூல அறையின் சாளரத்தில் உரையைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் + சி அழுத்த வேண்டும். உரை அந்த அறையின் இடைநிலைப்பலகைக்குச் செல்கிறது. அடுத்து, அதே சாளரத்திலேயே கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்த வேண்டும். இப்போது நிருவாக அறை அவ்வுரையைக் கேட்டு வாங்கிப் பொது இடைநிலைப்பலகையில் வைக்கிறது. எந்த அறையிலிருந்து எத்தனை பைட்டுகள் எடுக்கப்பட்டன என்ற அறிவிப்பும் திரையின் ஓரத்தில் தோன்றும். மூன்றாவதாக, இலக்கு அறையின் சாளரத்திற்குச் சென்று கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தினால் உரை அந்த அறையின் இடைநிலைப்பலகைக்கு மாற்றப்படும். அக்கணமே பொது இடைநிலைப்பலகை அழிக்கப்படும். இறுதியாகக் கண்ட்ரோல் + வி அழுத்தினால் உரை உரிய இடத்தில் ஒட்டப்படும்.

புதிய பயனர்கள் பெரும்பாலும் வியப்பது மூன்றாம் படியில் நிகழும் அழிப்பைக் கண்டுதான். அதே உரையை வேறோர் அறையிலும் ஒட்ட வேண்டுமானால் மீண்டும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்தியே ஆகவேண்டும். இது குறை அன்று. வங்கிக் கடவுச்சொல்லை ஒட்டியபின் அது பொதுவிடத்தில் கிடந்து, அரைமணி நேரம் கழித்து மறதியாக வேறு அறையில் ஒட்டப்படாமல் இருக்கவே இவ்வாறு செய்யப்பட்டுள்ளது.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. ஒட்டியபின் இலக்கு அறையின் சொந்த இடைநிலைப்பலகையில் அவ்வுரை தொடர்ந்து இருக்கும். அவ்வறையின் நிரல்கள் யாவும் அதைப் படிக்கலாம். அதேபோல், மூல அறை தீநிரலின் பிடியில் இருந்தால், பயனர் நகலெடுத்த உரைக்குப் பதிலாக வேறொன்றை அது கொடுத்துவிடலாம். அறிவிப்பில் பைட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே தெரியும், உள்ளடக்கம் தெரியாது. ஆகவே நம்பிக்கை குறைந்த அறையிலிருந்து நம்பிக்கை மிகுந்த அறைக்கு நகலெடுப்பதைக் கியூப்ஸ் ஆவணங்கள் ஊக்குவிப்பதில்லை. குறிப்பாக, இணையப் பக்கத்தில் கண்ட கட்டளையை நேரடியாக முனையத்தில் ஒட்டுவது கெடுதியானது. ஒட்டும் உரையின் இறுதியில் வரி முறிவு இருந்தால், பயனர் என்டர் விசையை அழுத்துவதற்கு முன்னரே கட்டளை நிறைவேறிவிடக்கூடும்.

பொது இடைநிலைப்பலகையின் கொள்ளளவு நீண்டகாலம் ஏறத்தாழ 64 கிலோபைட்டு என்ற அளவில் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் இதனைக் கூட்டிக்கொள்ள வழி உண்டு. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இவ்வரம்பை எளிதில் எட்டமாட்டார்கள். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. "க" என்பது மூன்று பைட்டுகள், "கி" என்பது ஆறு பைட்டுகள். எனவே அதே வரம்பிற்குள் ஏறத்தாழ 21,000 தமிழ்க் குறியெண்களே அடங்கும். நீண்ட தமிழ்க் கட்டுரையை ஒரே முறையில் நகலெடுக்க முயல்வதைவிட, கோப்பாகவே அடுத்த அறைக்கு அனுப்புவது நலம்.

ஓர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை தேரடி வீதியில் கணினி மையம் ஒன்று இருப்பதாகக் கொள்க. வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் தன்விவரக் குறிப்பு, சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றைக் கொண்டுவந்து விண்ணப்பங்களை நிரப்பச் சொல்கின்றனர். பௌர்ணமி கிரிவல நாள்களில் கூட்டம் மிகும், வேகம் தேவைப்படும். ஒரே கணினியில் ஒருவரது பென் டிரைவிலிருந்து வந்த தீநிரல், அடுத்தவரின் ஆதார் நகலையும் மைய உரிமையாளரின் வங்கிக் கடவுச்சொல்லையும் எடுத்துச்செல்ல முடியும்.

கியூப்ஸில் இதே வேலை பின்வருமாறு நடைபெறும். பென் டிரைவ் யூஎஸ்பி அறையில் மட்டும் திறக்கப்படுகிறது. அதிலுள்ள கோப்பின்மீது வலச்சொடுக்கி, ஒருமுறை அறையில் பார் என்னும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால், அக்கோப்புக்கென்றே புதிய அறை ஒன்று உருவாகும். சாளரத்தை மூடியதும் அந்த அறை முழுவதுமாக அழிந்துவிடும். அதில் தெரியும் விண்ணப்ப எண்ணை மேற்சொன்ன நான்கு படிகளில் அலுவல் அறையின் உலாவிக்குக் கொண்டுசெல்லலாம். தளத்தின் கடவுச்சொல் பெட்டக அறையிலிருந்து அதே முறையில் வரும். பழகிய கைக்கு இந்நான்கு படிகளும் சில நொடிகளில் முடிந்துவிடும். பழகாத கைக்கு முதல் வாரம் சலிப்பூட்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அறைவிட்டு அறைக்குக் கோப்பை அனுப்பும்போது, எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று நிருவாக அறை ஒரு சாளரம் மூலம் கேட்கும். இச்சாளரத்தில் நுண்ணிய ஏற்பாடு ஒன்று உள்ளது. அது தோன்றியவுடன் "சரி" பொத்தான் செயல்படாது, சிறிது நேரம் கழித்தே செயல்படத் தொடங்கும். வேகமாகத் தட்டச்சிடுபவர் வேறு எதற்கோ அழுத்திய என்டர் விசை, திடீரென முன்வந்த இச்சாளரத்திற்கு ஒப்புதலாக மாறிவிடக்கூடாது என்பதே காரணம். விரைவாகப் பணியாற்ற உதவும் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே தாமதிக்கும் பொத்தானைப் பாராட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் விசைப்பலகையை மட்டுமே நம்பிப் பணியாற்றுபவருக்கு இத்தாமதமே பெருங்காப்பு.

முனையத்தில் ஏற்படும் முரண்

லினக்ஸ் முனையங்களில் கண்ட்ரோல் + சி என்பது இயங்கும் நிரலை நிறுத்துவதற்கான ஆணை. ஆகவே பெரும்பாலான முனைய நிரல்களில் நகலெடுக்கக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி பயன்படுகிறது. கியூப்ஸிலோ அச்சேர்க்கையை நிருவாக அறை எடுத்துக்கொள்கிறது. முனையத்திற்கு அது போய்ச் சேருவதே இல்லை.

இதனால் விளையும் பிழை கவனத்திற்குரியது. பயனர் முனையத்தில் ஓர் உரையைத் தேர்ந்தெடுத்துப் பழக்கத்தின்படி கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி அழுத்துகிறார். தேர்ந்தெடுத்த உரை நகலாகவில்லை. அதற்குப் பதிலாக, அந்த அறையின் இடைநிலைப்பலகையில் முன்பே கிடந்த பழைய உரை பொது இடைநிலைப்பலகைக்குச் சென்றுவிடுகிறது. அப்பழைய உரை ஒரு கடவுச்சொல்லாகவும் இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் இத்தகைய இழப்பு உண்டு. அங்கே வடிவமைப்பின்றி ஒட்டுவதற்குரிய கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி கியூப்ஸில் உலாவியை எட்டாது.

முனையத்தில் வலச்சொடுக்குப் பட்டியலிலிருந்து நகலெடுப்பது எளிய வழி. அடிக்கடி முனையத்தில் பணியாற்றுபவர்கள் கியூப்ஸின் சேர்க்கைகளையே மாற்றிக்கொள்வது வழக்கம். நிருவாக அறையின் அமைப்புகளில், விண்டோஸ் சின்னம் பொறித்த விசையுடன் சி, அதே விசையுடன் வி என மாற்றினால் முரண் முற்றிலும் நீங்கும். நான்கு விரல் அசைவுகளும் இதனால் எளிதாகின்றன.

சாளரங்களுக்கிடையே நகர்தல்

கியூப்ஸின் இயல்பான மேசைச்சூழல் எக்ஸ்எஃப்சிஇ ஆகும். 3.2 பதிப்புக்கு முன்னர் கேடிஈ இயல்பிருப்பாக இருந்தது. எனவே எக்ஸ்எஃப்சிஇயின் குறுக்குவழிகள் பலவும் இங்கே செயல்படும். ஆல்ட் + டேப் சாளரங்களை மாற்றும். ஆல்ட் + எஃப்4 சாளரத்தை மூடும். ஆல்ட் + எஃப்3 நிரல்களைத் தேடும் சாளரத்தைத் திறக்கும். அதில் அறையின் பெயரையோ நிரலின் பெயரையோ சில எழுத்துகள் தட்டச்சிட்டால் போதும், நீண்ட பட்டியலில் சுட்டியை நகர்த்த வேண்டியதில்லை. கண்ட்ரோல் + ஆல்ட் உடன் அம்பு விசைகள் பணியிடங்களை மாற்றும். கண்ட்ரோல் + ஆல்ட் + எல் திரையைப் பூட்டும். ஆல்ட் + எஃப்7 சாளரத்தை நகர்த்தவும், ஆல்ட் + எஃப்8 அளவை மாற்றவும் பயன்படும்.

ஆல்ட் + டேப் அழுத்தும்போது கவனிக்க வேண்டியது சாளர விளிம்பின் நிறம். ஒவ்வொரு அறைக்கும் பயனர் ஒரு நிறத்தைத் தருகிறார். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, சாம்பல், நீலம், ஊதா, கறுப்பு என எட்டு நிறங்கள் உள்ளன. சாளரத் தலைப்பில் அறையின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் தோன்றும். விளிம்பையும் பெயரையும் வரைவது நிருவாக அறை என்பதால் உள்ளிருக்கும் நிரல் அவற்றை மாற்ற முடியாது. விரைவாகச் சாளரம் மாற்றிக் கடவுச்சொல்லைத் தவறான அறையில் தட்டச்சிடுவதே இத்தகைய அமைப்பில் மிக எளிதில் நேரும் பிழை. எந்தத் தொழில்நுட்பமும் இதைத் தடுக்காது. நிறத்தைப் பார்க்கும் பழக்கமே தடுக்கும்.

நிறத்தின் முக்கியத்துவத்தால்தான் முழுத்திரைப் பயன்முறை இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. ஓர் அறையின் நிரல் முழுத்திரையையும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டால், அது போலியான சாளரங்களையும் போலியான நிற விளிம்புகளையும் வரைந்து, பயனரைப் பெட்டக அறையில் இருப்பதாக நம்பவைக்க முடியும். முழுத்திரை தேவைப்படும்போது பயனரே ஆல்ட் + இடைவெளி விசை அழுத்தி, தோன்றும் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதே விசைகளால் வெளியேறவும் செய்யலாம். இவ்விசைகளையும் நிருவாக அறையே பெறுவதால், ஐயம் ஏற்படும் வேளையில் ஆல்ட் + டேப் அல்லது ஆல்ட் + இடைவெளி அழுத்திப் பார்ப்பது நல்ல சோதனை. உண்மையான மேசைச்சூழல் உடனே மறுமொழி தரும்.

முன்னோடி: கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட்

நிரல்களால் போலி செய்ய முடியாத விசைச் சேர்க்கை என்னும் கருத்து கியூப்ஸுக்கு முந்தையது. 1981 இல் வெளியான ஐபிஎம் தனிக்கணினியை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி, கணினியை மீளத் தொடக்கக் கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட் சேர்க்கையை அமைத்தார். தற்செயலாக ஒரு கையால் அழுத்திவிட இயலாதபடி விசைகள் தொலைவில் இருக்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டன. 1993 இல் வெளியான விண்டோஸ் என்டி இதே சேர்க்கைக்கு வேறு பொருள் தந்தது. அதில் கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றுவதற்கு முன் இவ்விசைகளை அழுத்தியாக வேண்டும். இவ்விசைகள் இயங்குதளத்தின் கருவிற்கே செல்லும், எந்தப் பயன்பாட்டு நிரலும் இடைமறிக்க முடியாது. ஆகவே போலி நுழைவுத்திரை காட்டிக் கடவுச்சொல் திருடும் நிரல் அகப்பட்டுக்கொள்ளும். லினக்ஸ் கருவிலும் இதேபோன்ற விசை ஏற்பாடு உண்டு. அலுவலகக் கணினிகளில் பலரும் காரணம் அறியாமலே இம்மூன்று விசைகளை நாள்தோறும் அழுத்திவந்தனர்.

தமிழ் உள்ளீடும் குறுக்குவழிகளும்

தமிழில் தட்டச்சிடுபவர்களுக்குக் குறுக்குவழிகளில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. குறுக்குவழிகள் இலத்தீன எழுத்துகளைக் கொண்டு வரையறுக்கப்பட்டவை. 1999 இல் தமிழ்நாடு அரசால் தரமாக ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கில சி விசையில் "ஒ" உள்ளது. வி விசையில் "வ" உள்ளது. இரண்டாவது ஒலிப்பொருத்தம் தற்செயலானதாயினும் நினைவில் வைக்க உதவும்.

லினக்ஸில் தமிழ்99 ஐ இரு வழிகளில் பயன்படுத்தலாம். ஒன்று, விசைப்பலகை அமைப்பையே தமிழுக்கு மாற்றுவது. அப்போது சி விசையை அழுத்தினால் "ஒ" என்னும் குறியே நிரலுக்குச் செல்லும். கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தும்போது இலத்தீன எழுத்தைத் தேடிக் கண்டுகொள்ளும் நிரல்களும் உண்டு, திகைத்து நிற்பவையும் உண்டு. மற்றொன்று, ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை மென்பொருளைப் பயன்படுத்துவது. இதில் விசைப்பலகை அடிப்படையில் ஆங்கிலமாகவே இருக்கும். சாதாரண எழுத்துகள் மட்டும் தமிழாக மாற்றப்படும். ஆகவே குறுக்குவழிகளுக்கு இடையூறு குறைவு.

கியூப்ஸில் இரண்டாவது வழியே பொருத்தமானது. உள்ளீட்டு முறை மென்பொருளை அறைகளுக்கு அடிப்படையாக அமையும் வார்ப்புருவில் ஒருமுறை நிறுவினால், அவ்வார்ப்புருவைப் பயன்படுத்தும் அறைகள் யாவற்றிலும் அது கிடைக்கும். உள்ளீட்டு முறை என்பது பயனரின் எல்லா விசைகளையும் பார்க்கும் நிரல் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அறைக்கு அறை தனித்தனியே இயங்கும்போது, நம்பிக்கையற்ற அறையிலுள்ள உள்ளீட்டு முறை கெட்டுப்போனாலும் அலுவல் அறையில் எழுதப்படும் தமிழை அது காண இயலாது. பெட்டக அறையில் அதை இயக்காமலே விட்டுவிடலாம். அங்கே பெரும்பாலும் கடவுச்சொற்களே இருக்கும்.

விசைப்பலகையே எதிரியாகும்போது

மேற்கண்டவை அனைத்தும், விசை அழுத்தங்கள் நேர்மையான விசைப்பலகையிலிருந்து வருகின்றன என்ற எடுகோளின்மேல் நிற்பவை. பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ளமைந்த விசைப்பலகை நிருவாக அறையுடன் நேரடியாக இணைந்திருக்கும். மேசைக்கணினிகளிலோ விசைப்பலகை யூஎஸ்பி வழியே வருகிறது. அப்போது விசைகள் யூஎஸ்பி அறையைக் கடந்தே நிருவாக அறையை அடைய வேண்டும். யூஎஸ்பி அறை தாக்கப்பட்டால், தாக்குபவர் விசைகளை ஒட்டுக்கேட்கலாம், தாமே விசைகளை அழுத்தியதாகவும் காட்டலாம். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி என்னும் காவலும் அத்துடன் பயனற்றதாகிவிடும்.

2014 இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல் குழுவினர் "பேட் யூஎஸ்பி" என்னும் தாக்குதலை விளக்கினர். பென் டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதினால், அது தன்னை ஒரு விசைப்பலகை என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, மனிதரைவிட வேகமாகக் குறுக்குவழிகளை அழுத்தத் தொடங்கும். வைரசு எதிர்ப்பு நிரல்களுக்கு இதில் பிடிக்கக் கோப்பு எதுவும் இருக்காது. நாள்தோறும் அறியாதோரின் பென் டிரைவுகளைச் செருகும் கணினி மையங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கியூப்ஸில் யூஎஸ்பி அறையிலிருந்து வரும் புதிய விசைப்பலகையை ஏற்பதா என்பதை நிருவாக அறையின் கொள்கை முடிவு செய்யும். உள்ளமைந்த விசைப்பலகை உடைய மடிக்கணினியில் அதை முற்றிலும் மறுத்துவிடுவதே தக்கது.

சொந்தக் குறுக்குவழிகளை அமைத்தல்

எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்புகளில் பயன்பாட்டுக் குறுக்குவழிகள் என்னும் பகுதி உண்டு. அங்கே ஒரு விசைச் சேர்க்கையையும் அதற்குரிய கட்டளையையும் பதியலாம். அறைகளில் நிரலைத் தொடங்கக் கியூவிஎம்-ரன் என்னும் கட்டளை பயன்படும். ஒருமுறை அறையில் உலாவியைத் திறக்க ஒரு சேர்க்கை, பெட்டகத்தின் கடவுச்சொல் மேலாளரைத் திறக்க ஒரு சேர்க்கை என இரண்டை அமைத்துக்கொண்டாலே பணி கணிசமாக எளிதாகும். ஐயத்திற்குரிய இணைப்பைத் திறக்க ஒருமுறை அறை இரு விசைகளில் கிடைக்குமானால், சோம்பலால் அலுவல் அறையிலேயே அதைத் திறக்கும் ஆசை எழாது. சுட்டியை முற்றிலும் தவிர்க்க விரும்புவோருக்கு ஐ3 என்னும் சாளர மேலாளரும் கியூப்ஸில் கிடைக்கிறது. அதைக் கற்பதற்குப் பொறுமை வேண்டும்.

இந்தியச் சூழலும் வன்பொருள் தேவையும்

இந்தியாவில் அரசு சார்ந்த இயங்குதள முயற்சிகள் உள்ளன. சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இதுவும் நிறுவித் தரப்பட்டதால் அரசுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு இது அறிமுகமானது. 2023 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் தனது கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்னும் இயங்குதளத்தை நிறுவ முடிவு செய்ததாகச் செய்திகள் வெளியாயின. இவை இரண்டும் கியூப்ஸைப் போல அறைகளாகப் பிரிப்பவை அல்ல.

கியூப்ஸ் பரவலாகாமைக்கு முதற்காரணம் வன்பொருள். நான்காம் பதிப்பு வரிசைக்கு மெய்நிகராக்க வசதியுள்ள 64 பிட் செயலியும், குறைந்தது 6 ஜிபி நினைவகமும், 32 ஜிபி சேமிப்பிடமும் தேவை. 16 ஜிபி நினைவகமே பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வொரு அறையும் ஒரு தனிக் கணினியாக இயங்குவதால் இது தவிர்க்க இயலாதது. விலையில்லா மடிக்கணினிகளின் தொடக்கத் தொகுதிகளில் கியூப்ஸை இயக்க முடியாது. நினைவகம் குறைந்த கணினி உடையோருக்கு டெயில்ஸ் என்னும் இயங்குதளம் மாற்றாக அமையும். பென் டிரைவிலிருந்தே இயங்கி, அணைத்தபின் கணினியில் தடயம் விடாமல் செல்வது அதன் இயல்பு. அதில் அறைகளும் இல்லை, நான்கு படி ஒட்டுதலும் இல்லை. அவசரத்தில் அணைப்பதற்குக் குறுக்குவழி எதையும் தேட வேண்டியதில்லை. பென் டிரைவைப் பிடுங்கினால் போதும்.